டிரிப்பர் விழாத நாற்பத்தோரு நாள்

அந்தப் பெட்டியை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் வாஷிங் மெஷினைப் பாருங்கள். மெஷினில்தானே எல்லாம் நடந்தது. பின்கட்டில் இருக்கிறது, இப்படி வாங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், போட்டுக்கொண்டே வாங்கள். இந்த வீட்டுக்குள் இப்போது நானே செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

பேச்சிமுத்து என்றுதானே பேர்? காலேப் போனில் சொன்னான். காலேப் என் மகன். "அம்மா, டவுன்ல இருந்து ஒரு வயர்மேனை அனுப்புறேன். அவருக்கும் நமக்கும் சம்பந்தம் கிடையாது, அவங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லட்டும்" என்றான். அவங்க என்றால் என் மருமகள் வீட்டார். உங்கள் நெற்றியில் திருநீறைப் பார்த்ததும் எனக்கு மனசுக்கு லேசாக இருந்தது. நம் சபைக்காரர் என்றால் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும் அல்லவா?

போர்வையை எடுத்துவிடுகிறேன். நான்தான் மூடி வைத்தேன். காலேப் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டான், அதனால் இந்த இரண்டு மாதமாகத் தொடவில்லை. அன்றைக்குப் போட்ட துணி உள்ளே அப்படியே கிடக்கிறது. வாடை வரும், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்.

நல்ல மெஷின் தம்பி. குறை சொல்லக் கூடாது. பியூலாவுக்கு அவள் அண்ணன் டைட்டஸ் கொடுத்த சீர். அப்பா இல்லாத பிள்ளை அவள். அண்ணன்தான் படிக்க வைத்து, தையல் பழக்கி, என் மகனுக்குக் கட்டிக் கொடுத்தான். ஏசி மெக்கானிக் வேலை அவனுக்கு. கல்யாணம் முடிந்த மறு வாரமே இதைத் தோளில் சுமந்து கொண்டுவந்து இறக்கினான். இங்கே பின்கட்டில் பிளக் கிடையாது. அவனே முன் அறையிலிருந்து வயர் இழுத்து, பைப்புக்குள் விட்டு, இந்த ஸ்விட்சைப் பதித்தான். "அத்த, என் தங்கச்சி கல்லுல துணி தப்பக் கூடாது, அவ்வளவுதான்" என்றான். நான் முப்பத்தொரு வருஷம் கல்லில் துணி துவைத்தவள். சிரித்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் நன்றாக ஓடியது. இந்தத் தை பிறந்ததும்தான் ஆரம்பித்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று முன் அறைப் பெட்டியில் டக் என்று ஒரு சத்தம். வீடே அணைந்துவிடும். டிரிப்பர் விழுந்துவிட்டது என்பான் காலேப். எழுந்து போய்த் தூக்கிவிடுவான். மறுபடி டக்.

என் மகனுக்கு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் பார்ப்பான். இவள் துணி போட்டால் அவன் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அவன் "பியூலா!" என்று கத்துவான். இவள் அங்கிருந்து, "நான் என்ன பண்ணுனேன், உங்க வீட்டு வயர் பண்ணுது" என்பாள். உங்க வீட்டு வயர் என்று சொன்னாள் பாருங்கள். அது எனக்கு எங்கேயோ குத்தியது. இந்த வீட்டு வயர் என் வீட்டுக்காரர் நின்று போட வைத்தது.

எதனால் விழுகிறது என்று நான்தான் கண்டுபிடித்தேன் தம்பி. எட்டாம் வகுப்பு படித்தவள் கண்டுபிடித்தேன். சபைக் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். பிரிட்ஜை நிறுத்தி மெஷினைப் போட்டேன், விழுந்தது. மெஷினை நிறுத்தி, மோட்டார், மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒரே நேரம் போட்டேன், விழவில்லை. அப்படியானால் மெஷின்தான். அதிலும் ஊறப் போடும்போது விழாது, அலசும்போது விழாது. கடைசியில் பேய் பிடித்த மாதிரி சுற்றிப் பிழியும் பாருங்கள், அப்போதுதான் விழும். பதினேழு தடவை எழுதி வைத்தேன். பதினேழும் பிழியும்போதுதான்.

டைட்டஸ் வந்தான். காலண்டரைக் காட்டினேன். "அத்த, நீங்க எனக்கு அசிஸ்டெண்டா வந்திருங்க" என்று கேலி பண்ணினான். அப்புறம் முகம் மாறிச் சொன்னான். "ஆடும்போது மட்டும் விழுதுன்னா உள்ள எங்கேயோ வயர் பாடியில படுது. கம்பெனி ஆளு வந்து பின்னாடி கழட்டிப் பார்க்கட்டும். அதுவரைக்கும் போடாதீங்க. போட்டா விழத்தான் செய்யும். கரண்டு கசிஞ்சா அது விழுறதுதான் நல்லது அத்த. விழலைன்னாத்தான் பயப்படணும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பாகச் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் ஒரு வீடு பொழுதுக்கும் இருட்டாகிறது, புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசுவதில்லை. இதைப் போய் நல்லது என்கிறானே என்று நினைத்தேன்.

கம்பெனி ஆள் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்றே மூன்று வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் டிரிப்பர் ஐந்து தடவை விழுந்தது. ஐந்தாவது தடவை காலேப் எழுந்திருக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான். பியூலா ஈரக் கையோடு வந்து நின்றாள். "டவுன்ல அந்த வீட்டைப் பார்த்துட்டு வந்தோம்லா, சரின்னு சொல்லிருவோம். எனக்கும் தையலுக்கு ஆளு கிடைக்கும், உங்களுக்கும் ஆபீஸ் பக்கம்" என்றாள். அவன், "சரி" என்றான். அவ்வளவுதான். ஒரு சரி. அவர்கள் டவுனில் வீடு பார்த்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து மூன்று வருஷம். மகள் கோயம்புத்தூரில். இவனும் போய்விட்டால் இந்த வீட்டில் டிரிப்பர் விழுந்தாலும் தூக்கிவிட ஆள் இல்லை.

ஜெபம் பண்ணினேன் தம்பி. லெந்து காலம் தொடங்கியிருந்தது. எங்களுக்கு அது உபவாச நாட்கள். மூன்று வெள்ளிக்கிழமை தண்ணீர் மட்டும் குடித்து இருந்தேன். அந்த டிரிப்பர் பெட்டி மேல் கை வைத்தே ஜெபித்தேன். சிரிக்காதீர்கள். வசன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினேன், போகும்போது பார்ப்பீர்கள். கர்த்தாவே, இந்த டிரிப்பர் விழக் கூடாது, என் பிள்ளைகள் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. இரண்டே வரி. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

என்ன அது? எலியா? எங்கே, காட்டுங்கள். ஆமாம், பல் பதிந்திருக்கிறதே. இந்த வயரைக் கடித்துச் செம்பு தெரிகிறது. ஆடும்போது இது போய் இந்தத் தகரத்தில் படும், அப்படித்தானே? அப்போ எலிதான். டைட்டஸ் அன்றைக்குச் சொன்னது சரியாகப் போயிற்று. அவன் இழுத்த லைனில் ஒன்றும் இல்லையா? நன்றாகப் பார்த்துவிட்டீர்களா? ஜாயிண்டுகூட இல்லாமல் சுத்தமாக இழுத்திருக்கிறானா. நல்ல வேலைக்காரன் தம்பி. நான் எப்போதும் சொல்வேன்.

எர்த்துக் குழியா? இந்த முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய் நட்டிருக்கும், அதைத்தானே சொல்கிறீர்கள்? இப்படி வாங்கள். அடடா, காய்ந்து பாளமாகக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றுவதில்லையா என்று கேட்டால் என்ன சொல்ல? என் வீட்டுக்காரர் ஊற்றுவார். சனிக்கிழமை தோறும் ஒரு வாளி கொண்டுவந்து இந்தக் குழாயடியில் ஊற்றுவார். "ஒண்ணும் முளைக்காத இடத்துல எதுக்குத் தண்ணியைக் கொட்டுதிய?" என்று நான் சண்டை போடுவேன். "ஒனக்குத்தாண்டி ஊத்துதேன்" என்பார். கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்க ஈரம் வேண்டும் என்று எனக்கு என்ன விளங்கியது? கிறுக்கு மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன். அவர் போனபின் ஒரு சொட்டு நான் விடவில்லை.

காபி குடியுங்கள். ஆறிவிடும். பெட்டி எங்கே போகிறது, அங்கேதான் இருக்கும்.

காலேபுக்கு இப்போது போன் பண்ண வேண்டாம், அவனே பதினொரு மணிக்குக் கூப்பிடுவான். எல்லாம் பார்த்து முடித்துச் சொல்லலாம். சமயத்தில் அவன் கூப்பிடும்போது நான் முழங்காலில் இருப்பேன். "ஜெபத்துல இருக்கேன் மக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே வைத்துவிடுவான். சின்னதிலிருந்தே அப்படித்தான். நான் ஜெபத்தில் இருக்கிறேன் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் என்னைக் கூப்பிட மாட்டான். அந்த ஒரு விஷயத்தில் நல்லபடியாக வளர்த்திருக்கிறேன்.

எங்கே விட்டேன்? மூன்றாவது வெள்ளி. அதற்கு அடுத்த புதன்கிழமை, எங்கள் சபைக் கோயிலில் ஒலிபெருக்கி வயர் மாற்ற குணசிங் வந்திருந்தான். நம் சபைப் பையன், வயரிங் வேலை செய்கிறவன். நான் வேதபாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளை. கர்த்தரே அனுப்பினார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படி நினைக்காமல் வேறு எப்படி நினைக்க? வீட்டில் இரண்டு பேரும் இல்லை. டவுனுக்குப் போயிருந்தார்கள், அந்த வீட்டுக்காரரிடம் பேச. நான் குணசிங்கைக் கூட்டிவந்தேன். "மக்கா, எப்படியாவது இது விழாம மட்டும் செஞ்சு குடு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

அவன் பார்த்தான். "மெஷினைல்லா பாக்கணும் பெரியம்மா" என்றான். "மெஷினுக்கு ஆளு வரும். நீ இதை மட்டும் செய்யி" என்றேன். தலையைச் சொறிந்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெட்டியை மூடினான். மெஷினை நானே போட்டுப் பார்த்தேன். அலசியது, பிழிந்தது, ஆடோ ஆடென்று ஆடியது. விழவில்லை! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினேன்.

வாசலில் நின்று ஒன்று சொன்னான். "ரெண்டு நாளைக்குத்தான் பெரியம்மா. மெஷினை ஆளு பாக்குற வரைக்கும். அப்புறம் நான் வந்து எடுத்துவிட்டுருதேன், ஞாபகப்படுத்துங்க."

கேட்டேனா என்றால், கேட்டேன். தலையாட்டினேன். என்னத்தை எடுத்துவிடப் போகிறான் என்று கேட்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். அன்றைக்கு விழவில்லை. மறுநாள் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பியூலா இட்லி எடுத்துக்கொண்டே, "அத்த, கரண்டு விழவே இல்லையே, என்ன ஆச்சு?" என்றாள். நான், "ஜெபம் பண்ணினேன்மா" என்றேன். பொய்யா தம்பி அது? ஜெபம் பண்ணினேன்தானே?

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். "உங்க ஜெபத்துக்கு இவ்வளவு பலமா அத்த?" என்றாள். காலேப் அப்படியே பார்த்துச் சிரித்தான். டவுன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்று சொன்னான். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

அதற்கப்புறம் குணசிங்கை ஞாபகப்படுத்தவா? நீங்களே சொல்லுங்கள். கோயிலில் பார்ப்பேன். அவன் பீடத்துப் பக்கம் வயரைச் சுருட்டிக்கொண்டு நிற்பான். "பெரியம்மா, அது..." என்று வாயெடுப்பான். "நல்லா இருக்குது மக்கா, ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துவிடுவேன். கம்பெனி ஆளும் ஒரு நாள் போன் பண்ணினான், வரட்டுமா என்று. இனி வேண்டாம், சரியாகிவிட்டது என்றேன். சரியாகித்தானே இருந்தது?

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சாட்சி என்றால் உங்களுக்கு எப்படிச் சொல்ல... கடவுள் நமக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது. சொன்னால் சொன்னதுதான், அதில் கூட்டல் குறைத்தல் கூடாது. பியூலாதான் என்னைப் பிடித்துத் தள்ளினாள், "சொல்லுங்கத்த, சொல்லுங்க" என்று. எழுந்து நின்றேன். டிரிப்பர் விழுந்ததைச் சொன்னேன், மூன்று வெள்ளிக்கிழமையைச் சொன்னேன், நின்றதைச் சொன்னேன். நடுவில் புதன்கிழமையைச் சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை தம்பி. கூட்டத்தில் பேச மூன்று நிமிஷம்தான் கொடுப்பார்கள்.

நாற்பது பெண்கள் அல்லேலூயா சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருத்தி ஓடிவந்து, "எங்க வீட்டு மோட்டாருக்கும் கொஞ்சம் ஜெபியுங்க, தண்ணி ஏற மாட்டேங்கு" என்றாள். இன்னொருத்தி மகன் மாட்டிவிட்ட இன்வெர்ட்டருக்கு. போய் ஜெபித்துவிட்டும் வந்தேன். இன்வெர்ட்டர் சரியாகவில்லை. மோட்டார் சரியாகிவிட்டது.

காலண்டரில் பின்பக்கத்தைத் திருப்பி முன்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டேன். விழாத நாளுக்கு ஒரு கோடு. நாற்பத்தோரு கோடு.

நாற்பத்திரண்டாவது நாள் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. காலேப் ஆபீஸ் போயிருந்தான். நான் முன் அறையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் பிழிகிற சத்தம். அன்றைக்குத் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டதோ என்னவோ, தடதடவென்று நடந்து வருகிற மாதிரி ஆடியது. பியூலா கழுவின தரையில் வெறுங்காலோடு ஓடிப்போய் அதைப் பிடித்திருக்கிறாள், ஆடாமல் இருக்க. அவ்வளவுதான். கூப்பாடு இல்லை. "ங்ங்" என்று ஒரு சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு கையும் மெஷின் மேல். ஆடுகிறாள். மெஷினும் ஆடுகிறது, அவளும் ஆடுகிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நின்றேன். டக் என்று இப்போது விழும், இதோ விழும் என்று காது கொடுத்து நின்றேன். மூன்று வெள்ளிக்கிழமை எந்தச் சத்தம் வரக் கூடாது என்று பட்டினி கிடந்தேனோ, அந்தச் சத்தம் வரட்டும் என்று நின்றேன். வரவில்லை. ஓடிப்போய் பெட்டியைத் திறந்து அந்த லீவரை நானே இழுத்துக் கீழே போட்டேன். கீழே போட்டுவிட்டு மேலே பார்க்கிறேன், ஃபேன் சுற்றுகிறது. லீவர் கீழே கிடக்கிறது, ஃபேன் சுற்றுகிறது. தம்பி, அதை எப்படிச் சொல்ல? தூக்கினேன், போட்டேன், தூக்கினேன், போட்டேன். ஃபேன் பாட்டுக்குச் சுற்றுகிறது.

மெஷினுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஸ்விட்ச் இருந்ததே. கையெட்டும் தூரம். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. எதிர் வீட்டு ராசாத்தி சத்தம் கேட்டு ஓடிவந்து துடைப்பக் கட்டையால் அந்த ஸ்விட்சைத் தட்டினாள். பியூலா அப்படியே விழுந்தாள்.

உயிர் இருக்கிறது. ஸ்தோத்திரம். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்றது மடங்காது. இந்த ஊரில் பாதிப் பெண்கள் முதுகில் இருப்பது அவள் தைத்த தையல் தம்பி. என் முதுகில் இருப்பதும்.

டைட்டஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். காலேப் மாடிப்படியில் வழிமறித்தான். "வந்துட்டியா? நீ குடுத்த சீர் எப்படி வேலை செஞ்சிருக்குன்னு பாத்துட்டுப் போக வந்தியா?" என்று கேட்டான். என் மகன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "நீ இழுத்த லைன்தானல. ஏசி ரிப்பேர் பாக்குறவனுக்கு வீட்டு வயரிங் எதுக்கு?" டைட்டஸ் அழுதுகொண்டே, "மாப்ள, தப்பு நடந்திருந்தாலும் டிரிப்பர் விழணும் மாப்ள. ஏன் விழலைன்னு பாரு" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். "அத்த, நீங்க சொல்லுங்க. முன்னாடி விழுந்துக்கிட்டுத்தான இருந்துச்சு? எப்படி நின்னுச்சு?"

படி முழுக்க ஆட்கள். சபையிலிருந்து வந்த பெண்கள் நாலு பேர். என் சாட்சியைக் காதால் கேட்டவர்கள்.

"அது நின்னு போச்சே ஐயா" என்றேன்.

பியூலா இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "அண்ணனா, நானா?" என்று காலேப் கேட்டுவிட்டான். ஆம்பிளைப் பிள்ளை, கோபத்தில் கேட்டுவிட்டான். அவள், "கை இல்லாதவளுக்குச் சோறு ஊட்டுறது யாருன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவனும் இங்கே இருக்கவில்லை. டவுனில் ஒரு மேன்ஷனில் அறை எடுத்திருக்கிறான். இந்த வீட்டுக்குள் வந்தால் அந்தத் தடதட சத்தம் கேட்கிறதாம். நான் யாரைப் போக விடக் கூடாது என்று கேட்டேனோ, இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வீட்டில் பேச்சு. வயர்மேன் சொல்கிறதை வைத்து முடிவு பண்ணுவோம் என்று காலேப் சொல்லியிருக்கிறான். மச்சான் இழுத்த லைனில்தான் கோளாறு என்று வந்தால் பியூலாவோடு உறவையே அறுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் மனசில் அப்படித்தான் வரும் என்று இருக்கிறது. அதற்குத்தான் உங்களை அனுப்பியது.

போன வாரம் பியூலா போன் பண்ணினாள். இடது கையால் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றாள். "அத்த, அண்ணன் சாப்பிடவே மாட்டேங்கான். தான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டோம்னு பழைய வயரை எல்லாம் எடுத்துப் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கான். உங்க ஜெபத்துல அவனை நினைச்சுக்கிடுங்க" என்றாள். நினைக்கிறேன் தம்பி. தினமும் காலையில் முதல் பேர் அவன் பேர்தான். கர்த்தாவே, டைட்டஸை மன்னியும் என்றுதான் வாயில் வருகிறது. எதற்கு மன்னிக்க என்று எனக்குள் ஒன்று கேட்கும். அதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவேன்.

குணசிங்கா? அவன் ஈஸ்டர் முடிந்து மஸ்கட் போய்விட்டான். அக்கரையில் கிடக்கிற ஏழைப் பிள்ளை பேரை நான் எப்படி இழுக்க? அவனுக்குத்தான் பார்க்கிறேன். எனக்காக இல்லை. நான் நாளைக்குச் சாகப் போகிறவள், எனக்கு என்ன இருக்கிறது? இந்தச் சபையும், இந்த ஒரு மகனும்.

திறக்கத்தான் வேண்டுமா? சரி, திறங்கள். ஸ்டிக்கர் கிழியாமல் திறங்கள்.

...

இதுவா? இந்தச் சிவப்புத் துண்டும் கறுப்புத் துண்டுமா? விரல் நீளம்கூட இல்லையே. நான் என்னவோ பெரிதாக நினைத்திருந்தேன். மேலே வருகிற இரண்டு வயரையும் கீழே போகிற இரண்டு வயரையும் இது நேராகச் சேர்த்துவிட்டது, அப்போ லீவர் சும்மா பேருக்கு நிற்கிறது. விளங்குகிறது தம்பி. எனக்கு அன்றைக்கே ஃபேனைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

படம் எடுக்கிறீர்களா? எடுங்கள், அது உங்கள் வேலை. படத்தில் யார் போட்டது என்று தெரியுமா? தெரியாது. யார் போடச் சொன்னது என்றும் தெரியாது. ஆனால் எலி வயரும் தெரியும், இதுவும் தெரியும். டைட்டஸ் லைன் சுத்தம் என்றும் எழுதுவீர்கள். அப்புறம் காலேப் என்னைத்தான் கேட்பான். இந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? இல்லாவிட்டால், கேட்க மாட்டானோ? இதையும் மச்சான்தான் வைத்தான் என்று அவனே நினைத்துக்கொள்வானோ? பெட்டியில் கை வைக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே. அப்படி அவன் நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும் தம்பி? நான் ஒன்றும் சொல்லவில்லையே.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

போன் அடிக்கிறது. என்னுடையதுதான். பதினொன்று ஆகிவிட்டதா? காலேப்தான். இல்லை, நீங்கள் எடுக்க வேண்டாம். கொடுங்கள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். சொல்லிவிடுகிறேன்.

"மக்கா... ஆமா, வந்திருக்காரு. பாத்துட்டாரு... நான்... நான் ஜெபத்துல இருக்கேன் மக்கா."

வைத்துவிட்டான். சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டான்.

இப்படி வாங்கள் தம்பி. அந்த டெஸ்டரைக் கீழே வையுங்கள். உங்கள் சாமியையே நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நான் இங்கேயே பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறேன். ஜெபத்தில் இருக்கிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன் அல்லவா? அது பொய்யாகிவிடக் கூடாது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.